அன்றாடத் திரவங்களின் பாகுநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகுநிலை என்பது என்ன?

ஓடும் திரவத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. குழாயின் சுவரையோ பாத்திரத்தின் அடியையோ தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் அசையாமல் நிற்கிறது; அதற்கு அடுத்த படலம் சற்றே நகர்கிறது; அதற்கும் அடுத்தது இன்னும் வேகமாக நகர்கிறது. மேசைமேல் வைத்த சீட்டுக்கட்டின் மேல்சீட்டை ஒரு பக்கமாகத் தள்ளும்போது சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கட்டு முழுவதும் சாய்வதை இதற்கு ஒப்பிடலாம். வேகமான படலம் தன்னை ஒட்டிய மெதுவான படலத்தை முன்னே இழுக்கிறது. மெதுவான படலம் வேகமானதைப் பின்னே இழுக்கிறது. படலங்களுக்கு இடையேயான இந்த உள் உராய்வு எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லும் அளவே பாகுநிலை.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட தம் நூலில், இந்தத் தடை படலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற கருதுகோளை முன்வைத்தார். நீர், எண்ணெய், கிளிசரின் முதலிய பல திரவங்கள் அதற்கு மிகச் சரியாகக் கட்டுப்படுகின்றன. கட்டுப்படாதவையும் ஏராளமாக உண்டு. அவற்றைப் பின்னால் காண்போம்.

இதை எந்த அலகில் அளக்கிறார்கள்?

பன்னாட்டு அலகு முறையில் பாஸ்கல் விநாடி. அன்றாடத் திரவங்களுக்கு அது பெரிய அலகு என்பதால், அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிபாஸ்கல் விநாடியே நடைமுறையில் வசதியானது. பழைய நூல்களில் காணும் பாய்ஸ் என்ற அலகு 0.1 பாஸ்கல் விநாடிக்குச் சமம். சென்டிபாய்ஸும் மில்லிபாஸ்கல் விநாடியும் ஒன்றே.

20 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலை ஏறக்குறைய மிகச் சரியாக 1 மில்லிபாஸ்கல் விநாடி. எனவே இந்த அலகில் தரப்படும் எந்த எண்ணையும் 'நீரைப்போல் எத்தனை மடங்கு' என்றே படித்துக்கொள்ளலாம். அதே வெப்பநிலையில் அசிட்டோன் 0.3, பாதரசம் 1.55, பால் சுமார் 2, ஆலிவ் எண்ணெய் சுமார் 84, விளக்கெண்ணெய் சுமார் 990, கிளிசரின் சுமார் 1,410. தேன் அதிலுள்ள ஈரப்பதத்தைப் பொறுத்து 2,000 முதல் 20,000 வரை கூடப் போகும்.

பாகுநிலை மிகுந்த திரவம் கனமான திரவமாகவும் இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. அடர்த்தி என்பது ஒரு கன அளவுக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதைக் கூறுவது. பாகுநிலை என்பது அந்தத் திரவம் ஓட எவ்வளவு மறுக்கிறது என்பதைக் கூறுவது. நீரைவிடப் பல மடங்கு மெதுவாக வழிந்து விழும் எண்ணெய், நீரில் மிதக்கிறது. நீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு அடர்த்தி கொண்ட பாதரசமோ நீரைவிடச் சற்றே கூடுதலான பாகுநிலையை மட்டுமே கொண்டது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க வழியில்லை.

சூடாக்கினால் திரவம் ஏன் இளகி ஓடுகிறது?

திரவத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளின் ஈர்ப்பில் சிக்கியிருக்கிறது. திரவம் ஓட வேண்டுமானால் மூலக்கூறுகள் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். வெப்பநிலை உயரும்போது போதிய ஆற்றல் பெற்ற மூலக்கூறுகளின் எண்ணிக்கை விரைந்து பெருகுவதால் பிடி தளர்கிறது, பாகுநிலை குறைகிறது.

இந்தக் குறைவின் அளவைப் பலரும் உணர்வதில்லை. நீரின் பாகுநிலை 0 டிகிரியில் 1.79, 20 டிகிரியில் 1.00, 40 டிகிரியில் 0.65, 100 டிகிரியில் 0.28. அதாவது கொதிநிலையை எட்டிய நீர், உறைநிலையிலுள்ள நீரைவிட ஆறு மடங்குக்கும் மேலாக இளகியது. நாம் நீரை ஒரே மாதிரியான பொருள் என்று நினைத்துப் பழகியதால் மட்டுமே இது கண்ணுக்குத் தப்புகிறது. விளக்கெண்ணெயில் மாற்றம் இன்னும் கூர்மையானது: 10 டிகிரியில் சுமார் 2,400 மில்லிபாஸ்கல் விநாடியாக இருப்பது 20 டிகிரியில் 990க்கும், 30 டிகிரியில் 450க்கும், 40 டிகிரியில் 230க்கும் இறங்குகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதி அல்லது அதற்கும் கீழ்.

ஆகவே வெப்பநிலையைக் குறிப்பிடாமல் தரப்படும் பாகுநிலை எண் பயனற்றது. அட்டவணைகளில் இரண்டு திரவங்களை ஒப்பிடுபவர்கள், இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு உரியவைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றிவரும் பல பட்டியல்கள் இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடுகின்றன.

காற்றுக்கும் பாகுநிலை உண்டா?

உண்டு. 20 டிகிரியில் காற்றின் பாகுநிலை 0.018 மில்லிபாஸ்கல் விநாடி. நீரின் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு. வாயுக்களில் கதை தலைகீழாகிறது: சூடாக்கினால் பாகுநிலை கூடுகிறது. வாயு மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால் அங்கே ஈர்ப்பின் பங்கு சிறிது. வேகமான படலத்திலிருந்து மூலக்கூறுகள் மெதுவான படலத்துக்குள் பாய்ந்து தம் உந்தத்தைக் கொண்டு சேர்ப்பதே அங்கு உராய்வாக வெளிப்படுகிறது. சூடு ஏற ஏற அவை விரைந்து பாய்கின்றன. உந்தப் பரிமாற்றமும் மிகுகிறது.

வாயுவின் அழுத்தத்தைக் குறைத்தாலும் பாகுநிலை மாறாது என்று மேக்ஸ்வெல் 1860இல் கணக்கிட்டுக் கூறினார். மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றும் மோதாமல் செல்லும் தொலைவு அதற்கு ஈடாக நீள்கிறது என்பதே காரணம். அவருக்கே இது வியப்பாக இருந்தது. பின்னர் அவரும் அவருடைய மனைவி கேத்தரினும் ஊசலாடும் வட்டத் தகடுகளைக் கொண்டு வீட்டிலேயே அளந்து பார்த்தபோது கணக்கு சரியென்று தெரிந்தது. மூலக்கூறுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று அறிவியலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கண்ணால் காண முடியாத அந்தத் துகள்களின் நடத்தையை இவ்வளவு எளிய கருவி காட்டிக்கொடுத்தது என்பதற்காகவே இந்தச் சோதனையை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன்.

சில திரவங்கள் நீர்த்தும் சில பிசுபிசுத்தும் இருப்பதற்குக் காரணம் என்ன?

மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாகப் பற்றுகின்றன என்பதும், அவற்றின் நீளமும் வடிவமும்தான். மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட மூன்று திரவங்களை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கும் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றை மட்டும் கொண்ட புரொப்பனாலின் பாகுநிலை 20 டிகிரியில் சுமார் 2.2, இரண்டைக் கொண்ட புரொப்பிலீன் கிளைக்காலுக்கு ஐம்பதுக்குச் சற்று மேல், மூன்றைக் கொண்ட கிளிசரினுக்கு 1,410. கார்பன் எலும்புக்கூடு மாறவே இல்லை. பற்றிக்கொள்ளும் கைகள் மட்டும் கூடியிருக்கின்றன.

நீளத்தின் விளைவைப் பெட்ரோலிய வகைத் திரவங்களில் காணலாம். ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேனின் பாகுநிலை 0.3, பதினாறு கார்பன் கொண்ட ஹெக்சாடெக்கேனுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் எளிதில் வழுக்கிச் செல்ல முடிவதில்லை.

இரண்டு திரவங்களைக் கலந்தால் பாகுநிலை இரண்டுக்கும் நடுவில் அமையுமா?

பல நேரங்களில் நடுவில் அமையும். ஆனால் அதை விதியாகக் கொள்ளக் கூடாது. 20 டிகிரியில் நீரின் பாகுநிலை 1.0, எத்தனாலின் பாகுநிலை 1.2. இரண்டையும் ஏறக்குறையச் சம எடையில் கலந்தால் கிடைக்கும் கலவையின் பாகுநிலை கிட்டத்தட்ட 3. இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் இருப்பதைவிடக் கலவையில் மூலக்கூறுகள் இறுக்கமான அமைப்பில் பிணைந்துகொள்கின்றன.

கரைசல்களில் மற்றொரு பொறி இருக்கிறது. எடையில் 20 விழுக்காடு சர்க்கரை கரைந்த நீரின் பாகுநிலை சுமார் 2. 40 விழுக்காட்டில் சுமார் 6. 60 விழுக்காட்டில் 58ஐ ஒட்டி. 70 விழுக்காட்டில் 480ஐ ஒட்டி. சர்க்கரைப் பாகைக் காய்ச்சும்போது வெகு நேரம் ஒன்றும் நிகழாதது போலிருந்து, இறுதியில் திடீரென்று இறுகுவதாகத் தோன்றுவதற்கு இந்த ஏற்றமே காரணம்.

குழாயின் அகலம் ஓட்டத்தை எவ்வளவு பாதிக்கும்?

எதிர்பார்ப்பதைவிட மிக அதிகமாக. ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும் பிரெஞ்சு மருத்துவர் புவாசேயும் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்த விதிப்படி, சீராக ஓடும் திரவத்தின் பாய்வு வீதம் குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஆரத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் பத்து விழுக்காடு குறைந்தாலே பாய்வு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். புவாசே இதை ஆராயத் தொடங்கியது நுண் நாளங்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறியும் நோக்கத்தில்தான்.

சாஸ் பாட்டிலைக் குலுக்கும் வரை சாஸ் ஏன் இறங்குவதில்லை?

தக்காளி சாஸ் நியூட்டனின் விதிக்குக் கட்டுப்படாத பொருள். அதிலுள்ள நுண்துகள்களும் நார்களும் ஒன்றையொன்று தாங்கி ஒரு வலைபோன்ற அமைப்பை உண்டாக்குகின்றன. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த விசையை அது திண்மம்போலத் தாங்கி நிற்கும்; அந்த வரம்பைத் தாண்டினால் வலை உடைந்து திரவம்போல ஓடும். பற்பசை தூரிகைமேல் வடிவம் குலையாமல் நிற்பதும் இதே காரணத்தால். இத்தகைய பொருள்களை 1910களிலும் 1920களிலும் முறையாக ஆராய்ந்த அமெரிக்க வேதியியலாளர் பிங்காமின் பெயராலேயே அவை இன்று குறிப்பிடப்படுகின்றன.

இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு வகை, வேகமாகக் கலக்கக் கலக்க இளகும் திரவங்கள். சுவர் வண்ணப்பூச்சு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. தூரிகை இழுக்கும்போது படலங்கள் மிக வேகமாக வழுக்குவதால் பூச்சு இளகிப் பரவ வேண்டும்; தூரிகையை எடுத்தபின் தன் எடை மட்டுமே அதை இழுக்கும் நிலையில், வழிந்து இறங்காமல் அது மீண்டும் கெட்டியாக வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒரே ஒரு பாகுநிலை எண் கொண்ட திரவத்தால் இரண்டையும் நிறைவேற்றவே முடியாது. நல்ல வண்ணப்பூச்சைத் தயாரிப்பவரின் திறமை இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது.

சில பொருள்கள் கலக்கும் வேகத்தால் மட்டுமல்லாமல், கலக்கும் நேரத்தாலும் இளகும். ஓய்வாக விட்டால் சிறிது நேரம் கழித்து மீண்டும் இறுகும். தயிர் ஓரளவு இப்படி நடந்துகொள்கிறது, ஆனால் உடைந்த தயிர் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

அழுத்தினால் கெட்டியாகும் திரவமும் உண்டா?

உண்டு. சோள மாவுச்சத்தை நீரில் அடர்த்தியாகக் கரைத்த கலவையில் விரலை மெல்ல நுழைத்தால் உள்ளே போகும். வேகமாகக் குத்தினால் கல்போல் தடுக்கும். மெதுவான அசைவின்போது மாவுத்துகள்களுக்கு இடையே நீர்ப்படலம் இருந்து அவற்றை வழுக்கவிடுகிறது. திடீர் விசையில் அந்தப் படலம் பிதுங்கி வெளியேற, துகள்கள் நேருக்கு நேர் உரசிப் பூட்டிக்கொள்கின்றன.

இரத்தத்தின் பாகுநிலை எவ்வளவு?

உடல் வெப்பநிலையில் சாதாரண ஓட்டத்தில் 3 முதல் 4 மில்லிபாஸ்கல் விநாடி. அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவுக்கு ஏறக்குறைய 1.2 மட்டுமே, எஞ்சியது பெரும்பாலும் சிவப்பணுக்களின் பங்கு. இரத்தமும் ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்து மாறும் திரவம்: மிக மெதுவாக ஓடும்போது சிவப்பணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்வதால் பாகுநிலை பல மடங்கு உயரும், வேகமாக ஓடும்போது அவை பிரிந்து, நீண்டு, ஓட்டத்தின் திசையில் திரும்பிவிடும்.

0.3 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் இரத்தத்தின் பாகுநிலை குறைந்துகொண்டே போவதுபோல் தோன்றும் என்பதை 1931இல் ஃபாரேயஸும் லிண்ட்குவிஸ்டும் காட்டினார்கள். சிவப்பணுக்கள் நடுவே திரண்டு செல்ல, சுவரையொட்டி அணுக்கள் குறைந்த பிளாஸ்மாப் படலம் உயவுப்பொருளாகச் செயல்படுகிறது. நான்காம் அடுக்கு விதியின் கடுமையை நுண்நாளங்களில் உடல் ஓரளவு ஈடுசெய்துகொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று.

என்ஜின் எண்ணெய்ப் புட்டியில் உள்ள '10டபிள்யூ-30' என்பதன் பொருள் என்ன?

முதல் பகுதி குளிர்நிலை நடத்தையைக் குறிப்பது. அந்த எழுத்து குளிர்காலத்துக்கானது. அந்த எண் சிறிதாக இருந்தால், கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடி என்ஜினைத் தொடங்கவிடும். இரண்டாம் எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுநிலை வகுப்பு: 30 என்றால் விநாடிக்கு 9.3 முதல் 12.5 சதுர மில்லிமீட்டருக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள். இந்த எண்கள் வகுப்புப் பெயர்கள். நேரடி அளவுகள் அல்ல.

எண்ணெய் அளவுக்கு மீறி இளகினால் உலோகப் பரப்புகளுக்கு இடையேயான படலம் அறுந்துவிடும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் அதைக் கடைவதிலேயே ஆற்றல் வீணாகும். ஆகையால் நீண்ட பாலிமர்ச் சங்கிலிகளைச் சேர்க்கிறார்கள். அவை குளிரில் சுருண்டு கிடந்து ஓட்டத்தை அதிகம் தடுப்பதில்லை. சூட்டில் விரிந்து, எண்ணெய் இளகிப்போவதைக் கட்டுப்படுத்துகின்றன.

மேலே 'சதுர மில்லிமீட்டர்' என்று வந்தது ஏன்?

அது இயக்கவியல் பாகுநிலை. பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது. திரவம் தன் எடையாலேயே ஒரு குறுகிய குழாய் வழியாக வடியும் நேரத்தை அளக்கும் கருவிகள் இதைத்தான் நேரடியாகத் தருகின்றன. இந்த அளவில் நீர் 1, காற்று 15. அடர்த்தி மிகக் குறைவானதால் காற்று நீரை முந்திவிடுகிறது.

பாகுநிலை கூடிய திரவத்தில் நீந்தினால் வேகம் குறையுமா?

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நீச்சல் குளத்தில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொத்தவரை விதைப் பசையைக் கரைத்து, நீரின் பாகுநிலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, நீச்சல்காரர்களை நீந்தச் செய்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை. மனித உடலின் அளவிலும் வேகத்திலும் நீரை விலக்கித் தள்ளுவதன் நிலைமமே ஓங்கி நிற்கிறது. பாகுநிலையின் பங்கு சிறிது.

இந்த இரண்டின் விகிதத்தைத்தான் ரெனால்டு எண் சொல்கிறது. நீந்தும் மனிதருக்கு அது பல இலட்சங்களைத் தாண்டும். நீந்தும் பாக்டீரியாவுக்கோ பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. பாக்டீரியா தன் கசையிழையைச் சுழற்றுவதை நிறுத்தினால், ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தொலைவுக்குள் நின்றுவிடும் என்று இயற்பியலாளர் பர்செல் 1977இல் விளக்கினார். திரவம் அதே நீர்தான். பாகுநிலை எண்ணும் அதே எண்தான். ஓர் உயிருக்குப் பொருட்டல்லாதது இன்னோர் உயிரின் உலகத்தையே ஆள்கிறது.

கண்ணாடி மிக மெதுவாக ஓடும் திரவம் என்பது உண்மையா?

உண்மையல்ல. பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் சன்னல் கண்ணாடிகள் அடியில் தடித்திருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தக் காலத்துத் தயாரிப்பு முறையில் தகடுகள் சீரான தடிப்புடன் வரவில்லை. தடித்த ஓரம் அடியில் வருமாறு பலவற்றைப் பொருத்தினார்கள். மேற்பக்கம் தடித்தவையும் கிடைக்கின்றன. அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வழிய, பேரண்டத்தின் வயதும் போதாது.

உண்மையிலேயே மெதுவாக ஓடும் திரவம் வேண்டுமானால் நிலக்கீல் வகையைச் சேர்ந்த பிட்ச் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் பார்னெல் 1927இல் சூடாக்கிய பிட்சைப் புனலில் ஊற்றி, 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தால் நொறுங்கும் அந்தப் பொருள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. ஒன்பதாவது சொட்டு 2014இல் பிரிந்தது. அதன் பாகுநிலை நீரைப்போல் ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பாகுநிலையே இல்லாத திரவம் உண்டா?

திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே, அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்தால், மிக நுண்ணிய இடுக்குகளின் வழியே தடையின்றிப் பாய்கிறது. 1938இல் மாஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலனும் மைஸ்னரும் இதைத் தனித்தனியே அறிவித்தார்கள்.

வீட்டில் இதை அளந்து பார்க்க முடியுமா?

பிசுபிசுப்பான திரவங்களுக்கு ஓரளவு துல்லியமாகவே முடியும். உயரமான, அகலமான கண்ணாடிக் குவளையில் திரவத்தை நிரப்பி, சிறிய எஃகுக் குண்டு ஒன்றை நடுவில் விட வேண்டும். சிறிது தொலைவு சென்றதும் அதன் வேகம் மாறாமல் நிலைபெறும். இதை முற்றுத்திசைவேகம் என்பார்கள். ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, குண்டின் ஆரத்தின் வர்க்கத்தை இரண்டாலும், குண்டு மற்றும் திரவத்தின் அடர்த்தி வேறுபாட்டாலும், புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கி, வேகத்தின் ஒன்பது மடங்கால் வகுத்தால் பாகுநிலை கிடைக்கும். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு 20 டிகிரியில் உள்ள தூய கிளிசரினில் விநாடிக்குச் சுமார் 2.3 சென்டிமீட்டர் இறங்கும். கைக்கடிகாரம் கொண்டே அளந்துவிடலாம். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும் என்பதால் அதைத் திறந்து வைக்கக் கூடாது.

இதே சூத்திரத்தை நீருக்குப் பயன்படுத்தினால் அந்தக் குண்டு விநாடிக்கு 30 மீட்டருக்கும் மேல் விழ வேண்டும் என்ற பொருந்தாத விடை வரும். குண்டைச் சுற்றிச் சுழல்கள் தோன்றாத மெதுவான ஓட்டத்துக்கு மட்டுமே இந்த விதி செல்லும். நீர் போன்றவற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குறிப்பிட்ட அளவு திரவம் வடியும் நேரத்தை அளந்து, அதே வெப்பநிலையில் தூய நீர் எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு ஒப்பிடுவதே சரியான வழி. குவளையின் சுவர் அருகே விழும் குண்டு மெதுவாக இறங்கும் என்பதால் குவளை, குண்டின் விட்டத்தைப்போல் பல மடங்கு அகலமாக இருக்க வேண்டும். அளந்த ஒவ்வொரு முறையும் வெப்பமானி காட்டிய எண்ணையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.